கண்ணை உரிப்பதா, விளக்கெண்ணெய் விடுவதா?

1/
போன பங்குனி மாசம், ஒரு சாயங்காலம். பிரம்மதேசத்துல நான் உட்கார்ற கிளினிக்குக்கு, மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்தாங்க. வலது கண்ணை முந்தானையால பொத்தியிருந்தாங்க. கூட பிளஸ் ஒன் படிக்கிற பையன். (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

"எப்பலேர்ந்துக்கா?"
"முந்தாநேத்து, டாக்டரம்மா. உப்பு வாரும்போது என்னமோ கண்ணுல தெறிச்சுது."
"கண்ணுக்கு என்ன போட்டீங்க?"
"வெளக்கெண்ண வுட்டேன். கண்ணுக்கு குளுமையாச்சே."

2/
கண்ணுல ஒரு சொட்டு சாயம் விட்டு நீல வெளிச்சத்துல பார்த்தேன். கருவிழி மேல தோல் உரிஞ்ச இடம் பச்சையா மின்னுச்சு. பக்கத்துலயே லேசா ஒரு வெள்ளைப் புள்ளி. கிருமி உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். இது என் கிளினிக்குல வெச்சுப் பார்க்கிற விஷயம் இல்ல. புதுச்சேரியில கண் ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கு ராத்திரியே போகச் சொல்லி லெட்டர் எழுத ஆரம்பிச்சேன்.

3/
எழுதிட்டிருக்கும்போது பையன் கேட்டான்: "மேடம், இங்கிலீஷ்ல 'கீப் யுவர் ஐஸ் பீல்ட்'னா என்ன? கண்ணை உரிச்சு வெச்சுக்கோன்னா? ஒரு வீடியோல, அது ராபர்ட் பீல்னு ஒருத்தர் பேர்ல வந்துச்சுன்னு சொன்னாங்க."

நான் பதில் சொல்றதுக்குள்ள அவங்க அம்மா ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சாங்க. "கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கினு பாருன்னு சொல்வோமில்ல, அதான்டா."

மொழிபெயர்ப்பு கச்சிதம். ஆனா சொல்ல மட்டும் வேண்டியதை அவங்க நிஜமாவே செஞ்சிட்டு வந்திருந்தாங்க. இந்த இழை அதைப் பத்தித்தான்.

4/
முதல்ல பையனோட கேள்வி. 'கண்ணை உரிச்சு வெச்சுக்கோ'ன்னா, கண்ணை நல்லா திறந்து வெச்சு, ஒண்ணையும் தவற விடாம பாருன்னு அர்த்தம். பழத்தோலை உரிக்கிற அதே 'பீல்'தான். கண்ணுக்குத் தோல் எது? இமை. அந்தத் தோலை விலக்கி வைன்னு சொல்றாங்க.

இந்த 'பீல்' லத்தீன்லேர்ந்து வந்தது. 'பிலுஸ்'னா முடி. அதுலேர்ந்து வந்த வினைச்சொல்லுக்கு முடியை நீக்குறதுன்னு பொருள். அது இங்கிலீஷுக்கு வந்து, தோலை உரிக்கிறதுன்னு ஆச்சு.

5/
ராபர்ட் பீல் கதை என்ன? 1829-ல பிரிட்டனோட உள்துறை அமைச்சரா இருந்தப்ப லண்டன் மாநகரப் போலீஸை ஆரம்பிச்சவர் அவர். அதனால போலீஸ்காரங்களை ஜனங்க 'பீலர்'னு கூப்பிட்டாங்க. அவர் முதல் பேரை வெச்சு 'பாபி'ன்னும் கூப்பிட்டாங்க. போலீஸ்னா கண்காணிப்பு, அதனால 'பீல்ட்'. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தப்பு.

6/
ஏன் தப்பு? ரெண்டு காரணம்.

ஒண்ணு, இந்தச் சொலவடை லண்டன்ல பிறக்கல. அமெரிக்காவுல, 19-ம் நூற்றாண்டு நடுவுல புழக்கத்துக்கு வந்தது.

ரெண்டு, அதுக்கு ஒரு அண்ணன் இருக்கான். 'கீப் யுவர் ஐஸ் ஸ்கின்ட்'. அதுவும் அமெரிக்காதான், 1830கள்லயே வந்தாச்சு. 'ஸ்கின்'னாலும் தோலை உரிக்கிறதுதான். தோல் உரிக்கிற உவமை முதல்ல வந்துச்சு, அப்புறம்தான் சொல் மாறிச்சு. மிஸ்டர் பீலுக்கு இதுல பங்கே இல்ல.

டாக்டருங்களுக்கு இது பழகின தப்பு. ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடந்தா, ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு நினைச்சிடறது. சொற்களுக்கும் அந்தத் தொல்லை உண்டு.

7/
அதுக்காக பீல் நமக்கு ஒட்டும் உறவும் இல்லாதவர்னு சொல்லிட முடியாது. லண்டனுக்கு முன்னாடியே, 1814-ல அயர்லாந்துல அவர் ஒரு காவல்படை ஆரம்பிச்சார். பின்னாடி வளர்ந்த அயர்லாந்து போலீஸ் அமைப்பை மாதிரியா வெச்சுத்தான், 1859-ம் வருஷ 24-ம் சட்டம் மூலமா மதராஸ் மாகாணத்துல போலீஸ் அமைஞ்சது. 'பீல்ட்'ங்கிற சொல் அவரால வரல. ஆனா நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனோட கொள்ளுத் தாத்தா யாருன்னு தேடினா அவர்கிட்ட போய் நிற்கலாம்.

8/
உத்துப் பார்க்கிறதுக்கு தமிழ்ல பழைய சொல் ஒண்ணு இருக்கு: கண்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள்ல 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி'ன்னு வரும். கோயில் சொத்தும் தர்மமும் ஒழுங்கா நடக்குதான்னு மேற்பார்வை பார்க்கிறவங்க.

அதே சொல் 19-ம் நூற்றாண்டுல கப்பல் ஏறுச்சு. இலங்கை காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா தோட்டங்களுக்கும் நம்ம ஜனங்களை ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போய், அங்க வேலை வாங்கினவருக்குப் பேரு கங்காணி. அந்தச் சொல் இங்கிலீஷ் அகராதியிலயும் ஏறிடுச்சு. கோயில் சொத்தைக் காக்கப் பார்த்த கண், தோட்டத்துல கூலிக்காரரை விரட்டப் பார்க்கிற கண்ணா மாறிப்போச்சு.

9/
எங்க ஊர்ப் பக்கம் உப்பளத்துக்கும் இந்தக் கதை உண்டு. மதராஸ் மாகாணத்துல 1805-ல கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமா ஆக்கிச்சு. தானா விளைஞ்ச உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் குற்றம். ஒரு பக்கம் உப்புக் காய்ச்சுறவர் பாத்தியைப் பார்த்தார், இன்னொரு பக்கம் சர்க்கார் காவலாள் அவரைப் பார்த்தார். 1930 ஏப்ரல் 30-ல ராஜாஜி வேதாரண்யத்துல உப்பு அள்ளினது இந்த ஏற்பாட்டை எதிர்த்துத்தான். உப்பு வரி போனது 1947-ல.

10/
காவலாள் போயாச்சு. பாத்தியைப் பார்க்கிற வேலை போகல. உப்பு சும்மா விளையறதில்ல, கவனிங்க. உப்புத் தண்ணியோட அடர்த்தியை 'போமே'ங்கிற டிகிரியில அளப்பாங்க. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. வெயில்ல வத்தி வத்தி 25 கிட்ட வந்தாத்தான் சாப்பாட்டு உப்பு கட்டும். 29, 30-ன்னு தாண்ட விட்டா மெக்னீசிய உப்பெல்லாம் சேர்ந்து கசந்துடும். நடுவுல ஒரு கோடை மழை அடிச்சா மொத்தமும் கரைஞ்சுடும்.

அதனால பாத்தியையும் பார்க்கணும், மேகத்தையும் பார்க்கணும். அந்த அக்கா சொன்னது: "உப்பு கட்டுற நேரத்துல கண்ணுல வெளக்கெண்ண வுட்டுக்கினு இருக்கணும் டாக்டரம்மா. அசந்தா போச்சு."

11/
இப்ப நம்ம சொலவடைக்கு வருவோம். ஏன் விளக்கெண்ணெய்? ரெண்டு விளக்கம் சொல்வாங்க.

ஒண்ணு விளக்கு வழி. ஆமணக்கு எண்ணெய்க்கு விளக்கெண்ணெய்னு பேர் வந்ததே அது விளக்குல எரிஞ்சதாலதான். மண்ணெண்ணெய் வர்றதுக்கு முன்னாடி நிறைய வீட்ல ராத்திரி வெளிச்சம் அதுதான். மெதுவா, நின்னு எரியும். கண்ணும் ஒரு விளக்கு, அணையாம இருக்க எண்ணெய் ஊத்துங்கிறது ஒரு அர்த்தம்.

ரெண்டாவது வைத்திய வழி. கண்ணு எரிஞ்சா, உறுத்துனா, குளுமைக்கு அந்த எண்ணெயையே ஒரு சொட்டு விடற வழக்கம். ராத்திரி முழுக்க முழிக்கிற கண் காஞ்சுபோகும், எண்ணெய் விட்டா காயாது.

12/
இந்த ரெண்டாவது விளக்கத்துல இருக்கிற உடலியல் அறிவைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

நாம சாதாரணமா நிமிஷத்துக்கு 15லேர்ந்து 20 தடவை கண் சிமிட்டறோம். எதையாவது உத்துப் பார்த்தா அது மூணுல ஒரு பங்கா குறைஞ்சுடும். செல்போன் பார்க்கிறப்ப, ஊசியில நூல் கோர்க்கிறப்ப, உப்புப் பாத்தியைப் பார்க்கிறப்ப எல்லாம் இதுதான் நடக்குது. சிமிட்டல் குறைஞ்சா கண்ணீர்ப் படலம் அங்கங்க கிழியும். அப்பதான் எரிச்சல்.

13/
கண்ணீர்னா வெறும் உப்புத் தண்ணின்னு நினைக்காதீங்க. கருவிழியை ஒட்டி சளி மாதிரி ஒரு வழுவழுப்பு, அது மேல தண்ணி, எல்லாத்துக்கும் மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம். தண்ணி ஆவியாகாம அந்த எண்ணெய்தான் மூடி வைக்குது. அதைச் சுரக்கிற சுரப்பிகள் இமை ஓரத்துல வரிசையா இருக்கு. 1666-ல ஹைன்ரிஷ் மெய்போம்ங்கிற ஜெர்மானிய மருத்துவர் அதை விரிவா எழுதினார். அவர் பேர்லதான் இன்னிக்கும் மெய்போமியன் சுரப்பின்னு சொல்றோம்.

ஆக, ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் நம்ம கண்ணுக்கு நாமே எண்ணெய் விட்டுக்கிறோம். பாட்டிமார் சொன்ன உவமை உடம்புக்குள்ள ஏற்கெனவே நடந்துட்டிருக்கு.

14/
இதுல இன்னொரு விசேஷம். 2002 டிசம்பர்ல அமெரிக்காவுல, கண் வறட்சிக்கு சைக்ளோஸ்போரின்ங்கிற மருந்தை சொட்டு மருந்தா விட அனுமதி கிடைச்சுது. அது தண்ணியில கரையாது. எதுல கலந்தாங்க தெரியுமா? சுத்திகரிச்ச ஆமணக்கு எண்ணெய்ல. நுண்ணுயிர் இல்லாம, கண்ணுக்குன்னே அளவா பால்மமாக்கின எண்ணெய். இந்த வாக்கியத்துல 'சுத்திகரிச்ச'ங்கிற சொல்லைத் தயவுசெஞ்சு மறந்துடாதீங்க. கீழ அதுக்கு வர்றேன்.

15/
அதுக்கு முன்னாடி ஒரு பாம்பு. 'கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்கிறான்'னு சொல்வோமே, அந்தப் பாம்பு. செடி கொடிகள்ல பச்சையா, சாட்டை மாதிரி தொங்கும். லேசான விஷம்தான், மனுஷருக்குப் பெரிய ஆபத்து இல்ல. இலைமட்டத்துல இருக்கிறதால, குனிஞ்சு செடி வெட்டுறவர் முகத்துக்கு நேரா வாயைத் திறந்து சீறும். கண்ணைக் கொத்தும்ங்கிற பேர் அப்படித்தான் நின்னுடுச்சு. அறிவியல் பேர் 'அஹேதுல்லா'. அதுவும் சிங்களச் சொல், அர்த்தமும் கண்ணைக் கொத்துவதுதான்.

பாம்புக்கு இமை கிடையாது. அதனால சிமிட்டாது. கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில் மட்டும் உண்டு. சட்டை உரிக்கும்போது அந்தச் செதிலும் சேர்ந்து உரியும். உரியறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி கண் பால் மாதிரி மங்கி இருக்கும், அப்புறம் தெளிவாயிடும். 'கண்ணை உரிச்சு வெச்சுக்கோ'ங்கிறது எழுத்துக்கு எழுத்து உண்மையா இருக்கிறது பாம்புக்குத்தான்!

16/
மனுஷக் கண்ணை உரிச்சா என்ன ஆகும்? கருவிழி அரை மில்லிமீட்டர் கனம்தான். உடம்புலயே வலி நரம்புகள் ரொம்ப நெருக்கமா இருக்கிற இடங்கள்ல அது ஒண்ணு. கண்ணாடி போடாம இருக்கச் செய்யற லேசர் சிகிச்சையில ஒரு வகையில, அதோட மேல்தோலை நிஜமாவே நீக்குவாங்க. அது திரும்ப வளர்ற ரெண்டு மூணு நாள் கண்ணுல தண்ணி கொட்டும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. கண்ணை உரிச்சா உத்துப் பார்க்கிறது இருக்கட்டும், திறக்கவே முடியாது.

இமை மூடாத கண்ணுக்கும் கஷ்டம்தான். முகவாதம் வந்தவங்க, தொழுநோயால முக நரம்பு பாதிச்சவங்க சிலருக்குக் கண் முழுசா மூடாது. காஞ்சு காஞ்சு கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். அவங்களுக்குத் தூங்கும்போதும் கண்ணுல களிம்பு போட்டு மூடச் சொல்றது இதனாலதான்.

17/
அப்ப நம்ம விளக்கெண்ணெய்? பூஜை அறை பாட்டில்லேர்ந்து நிஜமாவே கண்ணுல விட்டா?

கண்ணுல காயமே இல்லாதவருக்கு, பல சமயம் ஒண்ணும் ஆகாம தப்பிச்சிடலாம். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. கருவிழியில கீறல் இருந்தா கதை வேற. பாட்டில், விரல், துணித்திரி எல்லாத்துலயும் கிருமி இருக்கு. கூடவே எண்ணெய் வழுவழுப்புல உறுத்தல் கொஞ்சம் அடங்கும். 'சரியாயிடுச்சு'ன்னு மறுநாளும் வேலைக்குப் போவீங்க. கிருமிக்கு அந்த ஒரு நாள் போதும்.

18/
அந்த ஒரு நாளோட விலை என்னன்னு ஒரு ஆய்வு காட்டுச்சு. நேபாளத்துல பக்தபூர் மாவட்டம், 2001-ல வெளியானது. கண்ணுல கீறல் பட்ட கிராமத்து ஜனங்களுக்கு, ஊர் சுகாதாரப் பணியாளர்கள் சாதாரண ஆன்டிபயாடிக் களிம்பு போட்டாங்க. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள்ள போட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூடப் புண் ஆகல. 24லேர்ந்து 48 மணி நேரத்துல வந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல புண் ஆயிடுச்சு. மருந்து ஒண்ணேதான், வந்த நேரம்தான் வேற.

இது நேபாளத்துப் பிரச்னைன்னு நினைக்காதீங்க. 1993-ம் வருஷத்தை வெச்சு மதுரை மாவட்டத்துல கணக்கெடுத்தப்ப, கருவிழிப் புண் அமெரிக்காவுல பதிவானதைவிடச் சுமார் பத்து மடங்கு. வயல், தூசி, வேலைக்களத்துல சின்னக் காயம். பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பம்.

19/
உப்பளத்துல இன்னும் ரெண்டு சங்கடம். வெள்ளை வெளேர்னு இருக்கிற உப்பு, வெயிலைக் கீழேர்ந்தும் கண்ணுக்கு அடிக்கும். தலையில துண்டு கட்டினா மேல் வெயில்தான் தடுக்கும். வருஷக்கணக்கா இந்தப் புற ஊதாக் கதிரும் காத்தும் படற கண்ணுல, வெள்ளை விழியிலேர்ந்து கருவிழி மேல சதை வளர்றதை எங்க பக்கம் அடிக்கடி பார்க்கலாம். அதனாலதான் பலர் விடியறதுக்கு முன்னாடியே வாரப் போறாங்க. அப்ப வெயில் இல்ல, சரி. ஆனா இருட்டுல எது தெறிக்குதுன்னு தெரியாது.

20/
அதனால, உப்பளமோ வயலோ வெல்டிங் பட்டறையோ, இதை மட்டும் வெச்சுக்கோங்க.

கண்ணுல ஏதாவது தெறிச்சா கசக்காதீங்க. சுத்தமான குடிதண்ணியை நிறைய ஊத்திக் கழுவுங்க. சுண்ணாம்போ கெமிக்கலோ பட்டா குறைஞ்சது அரை மணி நேரம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் விடாதீங்க. பிறந்த குழந்தை கண்ணுலயும் விடாதீங்க.

மெடிக்கல் ஷாப்ல நீங்களா சொட்டு மருந்து கேட்டு வாங்காதீங்க. ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா சிவப்பு குறையற மாதிரி தெரியும், புண் உள்ளுக்குள்ள பெருகும்.

வலி, கூச்சம், மங்கல், கருவிழியில வெள்ளைப் புள்ளி. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே டாக்டர். நாளைக்கு இல்ல.

வேலை வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: பக்கமும் மூடுற ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு வேளை டீ பலகாரச் செலவுதான்.

21/
அந்த அக்கா ஒன்றரை மாசம் கழிச்சு திரும்ப வந்தாங்க. புண் ஆறிடுச்சு, கண் தப்பிச்சுது. ஆனா கருவிழியில ஒரு தழும்பு நின்னுடுச்சு. நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி, அது மட்டும் அதிர்ஷ்டம். "ஊசியில நூல் கோக்கத்தான் வரல டாக்டரம்மா, பையன் கோத்துக் குடுக்குறான்"னாங்க. முதல் நாளே வந்திருந்தா களிம்போட முடிஞ்சிருக்கும். முதல் நாள் வந்தா அன்னைக்குக் கூலி போயிருக்கும். அந்தக் கணக்கை நான் மறக்கல. அதனால அவங்களைத் திட்டவும் இல்ல.

22/
பையனுக்கு அன்னைக்கு நான் சொல்லாம விட்ட பதில் இது: இங்கிலீஷ்காரங்க கண்ணை மூடுறதை விலக்கச் சொன்னாங்க. நாம கண் காயாம பார்த்துக்கச் சொன்னோம். உத்துப் பார்க்கிற கண்ணுக்கு அலுப்பு உண்டுங்கிறது நம்ம சொலவடைக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா ரெண்டுமே வாய்ல சொல்றதுக்கு மட்டும்தான்.

பையன் இப்ப அம்மாவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கான். "போட்டுக்கினு போனா எல்லாரும் சிரிக்கிறாங்க டாக்டரம்மா"ன்னாங்க. சிரிக்கட்டும்க்கா, நீங்க போட்டுக்கோங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

உங்க வீட்லயும் கண்ணுல எண்ணெய் விடற வழக்கம் இருந்தா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.